வாண்டில் ஆற்றுக்குக் கூலியில்லாமல் உழைப்பவர்கள்

கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1866இல் வெளியிட்ட ‘தி கிரவுன் ஆஃப் வைல்டு ஆலிவ்’ நூலின் முன்னுரை ஒரு குட்டையைப் பற்றிய கோபத்தோடு தொடங்குகிறது. லண்டனுக்குத் தெற்கே கார்ஷால்டன் என்ற ஊரில் பூமிக்கடியிலிருந்து தெளிந்த நீர் ஊறி வந்து குளங்களாக நிற்கும். அங்கே ஊரார் வீட்டுக் கழிவையும் கந்தலையும் ஓட்டை உடைசலையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆறு ஆட்கள் ஒரே ஒரு நாள் வேலை செய்தால் எல்லாம் சுத்தமாகிவிடும், ஆனால் அந்த ஒரு நாள் வேலையை யாரும் செய்யப்போவதில்லை என்று ரஸ்கின் எழுதினார். பக்கத்து ஊரான க்ராய்டனில் புதிதாகக் கட்டிய மதுக்கடையின் முன்னால் எதற்கும் உதவாத இரும்புக் கிராதி ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதற்குச் செலவான உழைப்பில் இந்தக் குளங்களை மூன்று முறை சுத்தம் செய்திருக்கலாம் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். பிறகு 1870களில் தன் சொந்தப் பணத்தில் ஒரு குளத்தைத் துப்புரவாக்கி, இறந்துபோன தாய் மார்கரெட்டின் நினைவாக ஒரு கல்லும் நட்டார். கல் நிலைத்தது, துப்புரவு நிலைக்கவில்லை.

அந்தக் குளங்களில் பிறப்பதுதான் வாண்டில் ஆறு. கார்ஷால்டனில் ஒரு கிளை, க்ராய்டன் பக்கம் வாடனில் இன்னொரு கிளை. இரண்டும் சேர்ந்து மிட்சம், மெர்ட்டன், காலியர்ஸ் வுட், எர்ல்ஸ்ஃபீல்டு என்று தெற்கு லண்டனின் நெரிசலுக்குள் புகுந்து வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸில் விழுகின்றன. மொத்த நீளம் சுமார் 14 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் இதை ஆறு என்று சொல்லவே யோசிப்போம், வாய்க்கால் என்போம். ஆனால் இந்த வாய்க்கால் அளவு ஓட்டத்துக்குள் ஆயிரம் ஆண்டுத் தொழில் வரலாறு ஒன்றும், ஒரு மீன் காணாமல் போய்த் திரும்பி வந்த கதை ஒன்றும் இருக்கின்றன.

அந்த மீன் பழுப்பு டிரவுட். வாண்டில் சுண்ணாம்புப் பாறையில் ஊறும் ஓடை. மழைநீர் சுண்ணாம்புக்குள் மெல்ல இறங்கி, வடிகட்டப்பட்டு, மாதக்கணக்கில் தங்கி, பிறகு ஊற்றாக வெளிவரும். அதனால் கோடையிலும் குளிர்ந்திருக்கும், குளிர்காலத்திலும் உறையாது, கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். உலகம் முழுக்கத் தேடினாலும் இப்படிப்பட்ட ஓடைகள் இருநூறை ஒட்டித்தான் தேறும், அவற்றில் பெரும்பகுதி இங்கிலாந்தில் இருக்கின்றன. டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், அதில் பிராணவாயு நிறைய வேண்டும், முட்டையிடச் சேறில்லாத கூழாங்கல் படுகை வேண்டும். குளிர்காலத்தில் பெண் மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழிபறித்து முட்டையிட்டு, மேலே கற்களை மூடிவிடும். கற்களின் இடுக்கில் நீர் ஓடினால்தான் முட்டை உயிர்பிழைக்கும். வண்டல் படிந்தால் மூச்சு முட்டிச் சாகும். ஆறு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கறாரான சாட்சி கிடைப்பது கடினம்.

மீனுக்குப் பிடித்த அதே குணங்கள் ஆலை முதலாளிகளுக்கும் பிடித்திருந்தன. வற்றாத, உறையாத, சரிவாக ஓடுகிற நீர். 1086இல் வெற்றியாளர் வில்லியம் எடுக்கச்சொன்ன டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பிலேயே இந்தச் சிற்றாற்றில் 13 ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. மாவரைக்கத் தொடங்கிய சக்கரங்கள் பிறகு செம்பு தட்டின, வெடிமருந்து இடித்தன, தோல் பதனிட்டன, காகிதம் செய்தன, மூக்குப்பொடி அரைத்தன. மோர்டன் ஹாலில் இருந்த மூக்குப்பொடி ஆலைகள் 1922 வரை ஓடின. தன் அளவுக்கு உலகிலேயே அதிகம் உழைத்த ஆறு என்று வாண்டிலைப் பற்றி உள்ளூரில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு.

அந்த உழைப்பில் ஒரு பங்குக்கு நம் கடற்கரைதான் காரணம். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிகள் லண்டன் சீமாட்டிகளைக் கிறங்கடித்தன. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் துவைக்கத் துவைக்கப் போகாதிருப்பது ஐரோப்பியச் சாயக்காரர்களுக்கு அப்போது மாயவித்தை. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1700இல் போட்ட சட்டம் சாயமிட்ட, அச்சிட்ட பருத்தித் துணியின் இறக்குமதியைத் தடுத்தது; 1721இல் வந்த சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் தடைசெய்தது. முதல் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வெள்ளைத் துணியை இறக்கி இங்கேயே அச்சிட்டால் யாரும் கேட்கமுடியாது. தெளிந்த நீரும் வெளுக்கப்போட அகன்ற புல்வெளியும் உள்ள இடம் வேண்டும். மிட்சமும் மெர்ட்டனும் அதற்கென்றே அமைந்தவை போல இருந்தன. பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகநாட் புராட்டஸ்டண்டுகள் தொழில் தெரிந்தவர்கள். இப்படித்தான் வாண்டில் கரையில் துணி அச்சுத் தொழில் காலூன்றியது. 1774இல் தடை நீங்கியபோது அது பெருந்தொழிலாக வளரத் தயாராக இருந்தது.

ஆற்று நீர் எவ்வளவு விலைமதிப்புள்ளதாகிவிட்டது என்பதற்கு ஒரு ரயில்பாதை சாட்சி. 18ஆம் நூற்றாண்டின் முடிவில் க்ராய்டனிலிருந்து தேம்ஸ் வரை ஒரு கால்வாய் வெட்டும் யோசனை எழுந்தது. பொறியாளர் வில்லியம் ஜெசப் ஆராய்ந்துவிட்டு, கால்வாய்க்கு நீர் எடுத்தால் ஆலைகளுக்குத் தட்டுப்பாடு வரும், இரும்புத் தண்டவாளம் போடுங்கள் என்றார். 1801இல் நாடாளுமன்றச் சட்டம் பெற்று 1803இல் திறக்கப்பட்ட சர்ரே இரும்பு ரயில்பாதை அப்படிப் பிறந்ததுதான். நீராவி எஞ்சின் இல்லை, குதிரைகள் இழுத்தன. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியை ஓட்டலாம். நாடாளுமன்ற அனுமதி பெற்ற முதல் பொது ரயில்பாதை என்று வரலாற்றில் இடம்பிடித்ததற்கு இந்தச் சின்ன ஆற்றின் தண்ணீர்க் கணக்கே காரணம்.

இத்தனை சக்கரங்கள் சுழன்றும் மீன் இருந்தது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் தூய்மையான பழைய காலம் ஒன்று இருந்தது, தொழில் வந்து அதைக் கெடுத்தது என்ற கதை வாண்டிலுக்கு அப்படியே பொருந்தாது. 1801 முதல் டிராஃபல்கர் போருக்குக் கப்பலேறிய 1805 வரை மெர்ட்டனில் வீடு வைத்திருந்த கடற்படைத் தளபதி நெல்சன் இந்த ஆற்றில் தூண்டில் போட்டார். அவர் தோட்டத்துக்குள் திருப்பிவிட்டிருந்த வாண்டில் நீரோட்டத்துக்கு, எகிப்துக் கடற்போர் வெற்றியை நினைத்து, நைல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வலது கையைப் போரில் இழந்த பிறகும் இடது கையால் விடாமல் மீன்பிடித்தாராம். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி தூண்டில் கலை பற்றி எழுதிய ‘சால்மோனியா’வில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1868இல் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு என்ற இளைஞர் வாண்டிலில்தான் போலி ஈயைக் கொண்டு டிரவுட் பிடிக்கத் தொடங்கினார். இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சியை நனையாமல் நீர்ப்பரப்பில் மிதக்கவிட்டு, மேலே வந்து வாய்திறக்கும் மீனை ஏமாற்றும் வித்தைக்கு அவர் பின்னாளில் இலக்கணமே எழுதினார். அவர் நூல்கள் ஆங்கிலேயத் தூண்டில்காரர்களுக்கு ஏறக்குறைய வேதமாயின.

ஆனால் அந்த மீன் யாருடையது? கரை யாருடையதோ அவருடையது. பண்ணையாரோ ஆலை முதலாளியோ அனுமதித்தால்தான் தூண்டில் போடலாம். ஆலையில் பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வந்த சாயத் தொழிலாளிக்கு அந்த அனுமதி கிடைக்க வழியில்லை. டிரவுட் பிடிப்பது சீமான்களின் விளையாட்டாகவும், மற்ற மீன்களைப் பிடிப்பது பாமரரின் பொழுதுபோக்காகவும் இங்கிலாந்தில் பிரிந்திருந்தன. அந்தக் கோடு இன்றும் முழுக்க அழியவில்லை.

சீமான்கள் எங்கே போனாலும் மீனையும் இழுத்துக்கொண்டு போனார்கள். 1864இல் ‘நார்ஃபோக்’ என்ற கப்பல் தென் இங்கிலாந்து ஓடைகளின் டிரவுட் முட்டைகளைப் பாசியில் பொதிந்து பனிக்கட்டியில் வைத்து டாஸ்மேனியாவுக்குச் சுமந்தது. அதற்கு முந்தின ஆண்டே, மெட்ராஸ் படையில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றிருந்தார். ஊட்டியின் ஓடைகளில் டிரவுட் நிலைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சன் கொண்டுவந்து நிலைநிறுத்தியது வேறு வகை, வட அமெரிக்காவின் வானவில் டிரவுட். 1907இல் அவலாஞ்சியில் தொடங்கிய குஞ்சு பொரிப்பகத்தை இன்றும் ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் எட்டிப்பார்க்கலாம். உலகத்தின் மறுகோடி மலைகளில் டிரவுட் வளர்க்க இத்தனை பாடுபட்ட அதே தலைமுறைதான் லண்டன் ஓரத்து ஆற்றில் அதைச் சாகவிட்டது.

கொன்றது எது? ஆலைகளுக்கு அதில் பங்கு உண்டு. முதல் பங்கு கழிவறைகளுக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் க்ராய்டன் ஊதிப் பெருத்தது. வீடுகளுக்குக் குழாய்நீரும் நீர்க் கழிவறையும் வந்தன, சாக்கடை முழுதும் வாண்டிலுக்குப் போனது. கரை உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். மீன் போகிறதே என்ற கவலை அவர்களுக்குச் சொத்துக் கவலையாகவே இருந்தது, நீதிமன்றத்தில் அது உதவியது. 1860களில் பெடிங்டனில் சாக்கடை நீரைப் புல்வெளிகளில் பாய்ச்சி வடிகட்டும் பண்ணை வந்தது. அன்றைக்கு அது முற்போக்கான ஏற்பாடு. ஆனால் மக்கள்தொகை வளர்ந்த வேகத்துக்கு எந்தப் பண்ணையும் ஈடுகொடுக்க முடியாது.

அந்தச் சரிவின் நடுவில்தான் வாண்டிலின் மிகப் புகழ்பெற்ற சாயப்பட்டறை வந்தது. 1881இல் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் மெர்ட்டன் அபேயில் பழைய அச்சுப் பட்டறை ஒன்றை எடுத்தார். ரசாயனச் சாயங்களை வெறுத்தவர். மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சிவப்பு, அவுரித் தொட்டியில் நீலம் என்று பழைய முறைக்கே திரும்பினார். அந்தச் சாயங்களுக்கு வாண்டில் தண்ணீர் ஒத்துவந்ததே இந்த இடத்தை அவர் பிடித்துக்கொள்ள முக்கியக் காரணம். 1883இல் வந்த ‘ஸ்ட்ராபெர்ரி தீஃப்’ என்ற பறவைச் சித்திரத் துணி அந்த அவுரித் தொட்டிகளின் பிள்ளை. அடுத்த ஆண்டு ஒரு துணிக்கோலத்துக்கு ‘வாண்டில்’ என்றே பெயரிட்டார். இயற்கைக்காகவும் பழைய கட்டடங்களுக்காகவும் போராடிய மனிதர் தன் சாயநீரை ஆற்றில் விட்டார் என்பதைச் சிலர் குத்திக்காட்டுவார்கள். அது உண்மைதான். ஆனால் க்ராய்டனின் கழிவறைகளுக்கு முன்னால் மோரிஸின் தொட்டிகள் எம்மாத்திரம்?

1930களில் டிரவுட் போயிற்று. 1940இல் மோரிஸ் பட்டறை மூடியது. 1960களில் அதிகாரிகளின் பதிவேட்டில் வாண்டில் சாக்கடையாகவே இருந்தது. மேலே எந்தத் தோல் பட்டறையில் என்ன சாயம் போட்டார்களோ அதற்கேற்ப ஒரு நாள் இளஞ்சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு. கரைகளில் கான்கிரீட் பூசினார்கள். வாண்ட்ஸ்வொர்த்தில் ஆற்றின் மேலேயே 1971இல் ஒரு வணிக வளாகம் எழுந்தது. 12ஆம் நூற்றாண்டின் மெர்ட்டன் மடாலயம் இருந்த இடத்தில் சாலையும் பேரங்காடியும் வந்தன. மடாலயத்தின் அடித்தளம் இப்போது ஒரு சாலையின் கீழே அறைபோல அடைபட்டுக் கிடக்கிறது. பேரங்காடி வந்தால் தள்ளுவண்டி வரும். வாண்டிலின் அடுத்த அத்தியாயத்தில் அந்தத் தள்ளுவண்டிக்கு முக்கிய இடம் உண்டு.

1980களிலிருந்து ஆறு தானாகவே கொஞ்சம் தேறியது. ஆலைகள் மூடின, பெடிங்டன் சுத்திகரிப்பு நிலையம் மேம்பட்டது, ஐரோப்பியச் சமூகம் 1991இல் நகரக் கழிவுநீருக்கு விதிகள் போட்டது. தண்ணீர் தெளிந்தபோது அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் கண்டு முதலில் சும்மா இருக்க முடியாதவர்கள் உள்ளூர்த் தூண்டில்காரர்கள். ஹால்ஃபோர்டைப் படித்துவிட்டு, அவர் நின்ற கரையில் நின்று, கெண்டை வகை மீன்களுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள். டிரவுட் இங்கே மறுபடி வந்தால் என்ன என்று கேட்டார்கள். அவர்களுடைய ஆசையில் சுயநலம் இருந்தது. அது ஒரு நல்ல சுயநலம் என்றுதான் சொல்லவேண்டும்: ‘சுற்றுச்சூழல்’ என்று பொதுவாகக் கவலைப்படுகிறவர் ஒரு கூட்டத்துக்கு வருவார், குறிப்பிட்ட ஒரு மீன் வேண்டும் என்கிறவர் இருபது ஆண்டு வருவார். 2000ஐ ஒட்டி இந்தத் தூண்டில்காரர்களின் குழு வாண்டில் அறக்கட்டளையாக உருவெடுத்தது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை துப்புரவு நாள். நெஞ்சுவரை வரும் ரப்பர் காலுடை, தடித்த கையுறை, கயிற்றில் கட்டிய கொக்கி. சிலர் ஆற்றுக்குள், பலர் கரையில். உள்ளே இருப்பவர் கொக்கியை மாட்டினால் கரையில் இருப்பவர்கள் தேர் வடம்போல் இழுப்பார்கள். தள்ளுவண்டி, சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் டயர், மெத்தை, கம்பளம் என்று எல்லாம் வரும். சேற்றில் பல ஆண்டு புதைந்த தள்ளுவண்டி அத்தனை எளிதில் வராது. சில சமயம் முதலில் மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டவேண்டும். எலிக்காய்ச்சல் ஆபத்து இருப்பதால், காயம் இருந்தால் மூடுங்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள் என்று தொடங்குமுன் எச்சரிப்பார்கள். இடையில் தேநீரும் கேக்கும். நம் கிராமங்களில் கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஏரி வாய்க்காலைத் தூர்வாரிய குடிமராமத்து நினைவுக்கு வரும். ஒரு வித்தியாசம்: அங்கே வராதவருக்குத் தண்டம் உண்டு, வந்தவர் வயலுக்குத் தண்ணீர் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. ரஸ்கின் யாரும் தரப்போவதில்லை என்ற அந்த ஒரு நாள் வேலையை இவர்கள் மாதாமாதம் தந்தார்கள்.

துப்புரவைவிட அதிகம் பேசப்பட்டது பள்ளிக்கூட டிரவுட். அமெரிக்காவில் இருந்த ஒரு திட்டத்தைப் பார்த்து வாண்டில்காரர்கள் எடுத்துக்கொண்டது. குளிர்காலத்தில், கண் புள்ளி தெரியும் நிலையில் இருக்கும் டிரவுட் முட்டைகளை வட்டாரப் பள்ளிகளுக்குக் கொடுப்பார்கள். வகுப்பறை மூலையில் குளிரூட்டி பொருத்திய கண்ணாடித் தொட்டி. வெப்பம் ஏறினால் முட்டை பிழைக்காது. பொரித்த குஞ்சு வயிற்றில் மஞ்சள்கருப் பையோடு கற்களுக்கிடையே ஒண்டிக்கிடக்கும்; பை கரைந்ததும் மேலே நீந்தி வந்து இரை கேட்கும். தினமும் தண்ணீரைச் சோதிப்பது, செத்த முட்டையைப் பொறுக்கியெடுப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. வசந்தகாலத்தில் வகுப்பு முழுதும் ஆற்றங்கரைக்குப் போய்க் குஞ்சுகளைக் குவளை குவளையாக விடும்.

இதில் கறாராக ஒன்று சொல்லலாம். வகுப்பறையில் வளர்ந்த சில நூறு குஞ்சுகளால் ஓர் ஆற்றில் மீன் இனம் நிலைக்காது. பண்ணை மீனை ஆண்டுதோறும் கொட்டுவது படுகை கெட்டுக்கிடப்பதை மறைக்கவும் கூடும் என்பது மீன் பாதுகாவலர்களிடையே பழைய விவாதம். அந்தக் குஞ்சுகள் செய்தது வேறு. மிட்சத்தில் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய், அந்தச் சாக்கடையில் என் மீன் இருக்கிறது என்று சொன்னால், பிறகு அந்த வீட்டில் யாரும் பழைய எண்ணெயை மழைநீர் வடிகாலில் ஊற்றமாட்டார்கள்.

இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் குறைவில்லை என்பதையும் இங்கே சேர்க்கலாம். டூட்டிங், மிட்சம், காலியர்ஸ் வுட் பகுதிகள் 1980களிலிருந்து ஈழத்தமிழர் நிறைந்த இடங்கள். விம்பிள்டன் எஃப்ரா சாலையின் கணபதி கோயில் 1981இல் தொடங்கியது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் வாண்டில் வந்துவிடும். சோழமண்டலத் துணியை நகலெடுக்க ஓடிய ஆறு அதே மொழி பேசுகிறவர்களின் மாலை நடைபாதையாக ஆகியிருக்கிறது.

2007 செப்டம்பரில் எல்லாம் ஒரே நாளில் போனது. பெடிங்டன் சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டிகளைக் கழுவப் பயன்படுத்திய சோடியம் ஹைபோகுளோரைட், அதாவது செறிந்த வெளுப்புத் திரவம், ஆற்றில் கலந்தது. பல கிலோமீட்டர் தூரத்துக்கு மீன்கள் ஆயிரக்கணக்கில் மிதந்தன. நிலையத்தை நடத்தும் தேம்ஸ் வாட்டர் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2009இல் நீதிமன்றம் 1,25,000 பவுண்டு அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் 2010இல் அது 50,000 ஆகக் குறைந்தது. அபராதத் தொகை அரசு கஜானாவுக்குப் போகும், ஆற்றுக்கு வராது. ஆனால் நிறுவனம் தனியாக மறுசீரமைப்புக்குப் பணம் ஒதுக்க முன்வந்தது, அறக்கட்டளை அந்தப் பேச்சில் உட்கார்ந்தது. பொறுக்கியெடுத்த குப்பை மூட்டைகளின் கணக்கு அங்கே பேசியது என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆண்டுக்கணக்கில் ஆற்றில் நின்றவர்களை, உங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கமுடியாதல்லவா.

அதன்பின் வேலையின் குணம் மாறியது. கொக்கியும் கயிறும் போதாது, ஆற்றின் உடலையே திருத்தவேண்டும் என்று புரிந்தது. வாண்டிலின் பழைய ஆலைத் தடுப்பணைகள் மீனுக்கு மதில்கள். அவற்றுக்குப் பின்னால் நீர் தேங்கி, வண்டல் படிந்து, கூழாங்கல் மூடிவிடும். கார்ஷால்டன் கிளையில் தடுப்பணைகளை இறக்கினார்கள், சிலவற்றில் மீன் ஏறுபாதை அமைத்தார்கள், லாரி லாரியாகக் கூழாங்கல் கொட்டினார்கள். நேராக வெட்டியிருந்த ஓட்டத்தை மரத்துண்டுகளை நட்டு வளையவைத்தார்கள். தண்ணீரே பற்றாக்குறை என்பது இன்னொரு சிக்கல். குடிநீருக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி கார்ஷால்டன் ஊற்றுகள் வறண்டுவிடுகின்றன. அதனால் கீழேயிருந்து நீரைக் குழாய்வழி மேலே ஏற்றிக் குளங்களில் விடுகிறார்கள். ரஸ்கினின் ஊற்று இன்று ஒரு மோட்டார் பம்பை நம்பியிருக்கிறது. பெடிங்டனுக்குக் கீழே ஓடுவதில் பெரும்பகுதி சுத்திகரித்த கழிவுநீர்தான்.

சில வேலைகள் முடிவதே இல்லை. 1839இல் இமயமலையிலிருந்து தோட்ட அழகுக்காக இங்கிலாந்துக்குப் போன காசித்தும்பை இனச் செடி ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்துவிட்டது. காய் வெடித்தால் விதை ஏழு மீட்டர் வரை தெறிக்கும், நீரோடு போய் அடுத்த கரையில் முளைக்கும். குளிர்காலத்தில் செடி பட்டுப்போனதும் வேர்ப்பிடிப்பில்லாத கரை மண் ஆற்றில் சரிந்து அதே கூழாங்கற்களை மூடும். காய் பிடிக்குமுன் கையால் பிடுங்குவது ஒன்றே வழி. அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிக் கடைகள் வழியாக வந்த மிதக்கும் வல்லாரை வகை ஒன்று நீர்ப்பரப்பைப் பாய்போல் மூடும், அதையும் வாரவேண்டும்.

பூச்சிக் கணக்கு இன்னொன்று. நாடு முழுக்கத் தூண்டில்காரர்களை வைத்து நடத்தும் கண்காணிப்பு முறை ஒன்று 2007இல் தொடங்கியது. தொண்டர் ஆற்றில் இறங்கி மூன்று நிமிடம் காலால் படுகையைக் கிளறி, வலையில் சேர்வதை வெள்ளைத் தட்டில் கொட்டுவார். ஈசல்போல் ஒரு நாள் பறந்து சாகும் மேஃபிளை பூச்சிகளின் புழுக்கள், கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் புழுக்கள், நன்னீர்க் கூனிகள் என்று எட்டுப் பிரிவுகளை எண்ணிக் குறிப்பார். எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும். நஞ்சு ஓடிப்போய்விட்டாலும் பூச்சிகளின் எண்ணிக்கை அதைக் காட்டிக்கொடுக்கும். ஹால்ஃபோர்டு இதே பூச்சிகளை நகலெடுத்துத் தூண்டிலில் கட்டியவர் என்பதால் தூண்டில்காரர்களுக்கு இந்த வேலை கைவந்தது.

வாண்டில் அறக்கட்டளை 2012இல் தென்கிழக்கு ஆறுகள் அறக்கட்டளையாக விரிந்து மற்ற ஆறுகளுக்கும் போயிற்று. வாண்டிலில் டிரவுட் இப்போது தானே முட்டையிட்டுப் பெருகுகிறது, எண்ணிக்கை பெரிதல்ல என்றாலும். தூண்டில் போடுகிறவர்களில் பலர் டிரவுட்டைத் தேடுவதும் இல்லை. சப், பார்பெல் போன்ற மீன்களே அதிகம் மாட்டும். பூங்காக்களின் ஓரத்தில் பெரும்பாலும் இலவசம், அரசு உரிமச் சீட்டு ஒன்று இருந்தால் போதும். பிடித்த மீனைத் திருப்பி விட்டுவிடுவதுதான் வழக்கம்.

சச்சரவு இல்லாமல் இல்லை. தடுப்பணையை இறக்கினால் அதன் பின்னாலிருந்த ஆழமான மடு போய்விடும், அங்கே வளர்ந்த பெரிய மீன்கள் எங்கே போகும் என்று ஒரு தரப்பு கேட்கும். அணைகளும் சக்கரங்களும் தொழில் வரலாற்றின் எச்சங்கள், கைவைக்காதீர்கள் என்று வரலாற்று ஆர்வலர்கள் சொல்வார்கள். மோர்டன் ஹால் பூங்காவில் 2012இல் பாரம்பரியச் சொத்துகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஒரு திருகு விசைச்சுழலி வைத்து மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. ஆறு மறுபடி சக்கரம் சுற்றுகிறது. ஆபத்தும் ஓயவில்லை: 2025 பிப்ரவரியில் க்ராய்டன் பக்கத்துப் பேருந்துப் பணிமனை ஒன்றிலிருந்து கசிந்த டீசல் ஆற்றில் கலந்தது. இன்னும் கீழ்ப்பகுதியில் சில தடுப்பணைகள் பாக்கி இருக்கின்றன. அவை திறந்தால்தான் கடலிலிருந்து தேம்ஸ் வழியாக ஏறிவரும் டிரவுட் கார்ஷால்டன் கூழாங்கற்கள் வரை போய்ச் சேர முடியும். ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர், தனி அனுமதி, தனி நிதி.